அண்ணனுக்கு வேர்க்கிறது

சோப்புக் குமிழி பெரிதானதில் தம்பிக்கு ஆச்சரியம் இல்லை. கார் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் இரண்டு முனைகளையும் அடைத்து, உள்ளே காற்றடித்து, இணைப்பில் நுரை தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழி வரத்தான் செய்யும். பெரிதான குமிழி உடையாமல் மெல்லச் சுருங்கி, மறுபடி பெரிதானதுதான் கொஞ்சம் இடித்தது.

அண்ணன் ஆசை ஆசையாக வைத்திருந்த பழங்காலக் கார் அது. அதற்கு சூப்பர்சார்ஜர் மாட்டியவரும் அவரே. அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சோறு திணிப்பதுபோல் எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கிற கருவி. திணிக்கிற வேகத்தில் காற்று கொதித்துவிடும். எஞ்சினுக்கே அந்தக் கதி என்றால் உள்ளே உட்கார்ந்தவருக்கு? கோடையில் ஒரு மத்தியானம், வண்டி நெரிசலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அண்ணனின் மூச்சு நின்றுபோனது.

அதற்குப் பிறகு அண்ணி காரைவிட்டு இறங்குவதில்லை. ஷெட்டில், அவர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கை. சாப்பாடு அங்கே. தூக்கம் எங்கேயும் இல்லை.

"உள்ள வந்து படுங்க அண்ணி."

"உங்கண்ணனுக்கு வேர்க்குது தம்பி. ஒரு ஏசி போட்டுக் குடு. அப்புறம் நிம்மதியா வந்து தூங்கறேன்."

"எஞ்சின் ஒத்துக்கணுமே. மனுஷன் இதை ரேஸ் குதிரை மாதிரில்ல வளர்த்து வச்சிருக்கார்."

"உனக்குத் தெரியாத வேலையா?"

ஏசியின் பாரமும் சேர்ந்தால் எஞ்சின் திணறும். அதனால் கொதிக்கும் காற்றை ஆற்றிக் கொடுக்க ஓர் இன்டர்கூலரும் வாங்கிவந்தான். அதுவும், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரும், முன்கிரில்லுக்குப் பின்னாலிருந்த ஒரு முழ இடத்துக்காக, ஜன்னல் சீட்டுக்கு மல்லுக்கட்டும் சம்பந்திகள்போல் முட்டிக்கொண்டன. சமாதானம் செய்து முன்னும் பின்னுமாக உட்காரவைத்தான்.

இப்போது இந்தக் குமிழி.

குழாய் இணைப்பைக் கவ்வியிருந்த கிளாம்பை இறுக்கினான். காற்றடிக்கும் பம்பைக் கழற்றினான். அப்போதும் குமிழி பெரிதானது. சுருங்கியது. காதை வைத்தான். ரப்பர் வாடைக்கு நடுவே, குறட்டைக்கு முன்னால் அண்ணன் இழுக்கும் அதே மூச்சு. வேலை தெரிந்த எவனும் குழாயைப் பிரித்துப் பார்த்திருப்பான். கண்ணாடிக்குள்ளிருந்து அண்ணி இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரையைத் துணியால் துடைத்தான்.

"முடிஞ்சுது அண்ணி."

ஏசி ஓடியது. அண்ணி தன் பக்கத்துக் குளிர்காற்றையும் ஓட்டுநர் பக்கமே திருப்பிவிட்டாள். காலி இருக்கையின் தலைச்சாய்வைக் கைக்குட்டையால் ஒற்றினாள். கைக்குட்டை நனைந்தது.

"இப்ப வேர்க்கல" என்று சிரித்தாள்.

தன் காலாலேயே வீட்டுக்குள் நடந்து போய்க் கட்டிலில் சாய்ந்தாள். அவன் போர்த்திவிடுவதற்குள் தூங்கிவிட்டாள். அறை வாசலில் நின்று தம்பி அழுதான்.

அழுது முடித்து, ஷெட்டைப் பூட்டப் போனான். அந்தி. எஞ்சினை அவன்தான் அணைத்திருந்தான். கார் கண்ணாடிகள் இன்னும் சில்லென்றிருந்தன. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில், உட்புறம், ஆவி படர்ந்தது. மறைந்தது. படர்ந்தது. குமிழியின் அதே கணக்கு.

ஓடவில்லை. அண்ணன்தானே.

பிறகு, அண்ணி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியிலும் ஒன்று. சின்னது. இப்போதுதான் ஆரம்பித்ததுபோல்.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டும் சேர்ந்தே படர்ந்தன. சேர்ந்தே மறைந்தன.