கிராண்ட்லி துரையின் வெள்ளிக் கெண்டி

ஈவ்லின் மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் ஞானசீலன் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஜெகதளாவுக்கு மேலே கிராண்ட்லி துரையின் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்த பங்களா இப்போது அருங்காட்சியகம். அவள் அதன் காப்பாளர். துரையின் சாப்பாட்டு மேசையிலிருந்த வெள்ளித் தேநீர்க் கெண்டியை நேற்றிலிருந்து காணோம். பராமரிப்பு வேலை பார்க்கும் ராசுவைப் பார்வையாளர்கள் முன்னாலேயே திருடன் என்று சொல்லிவிட்டார் அறக்கட்டளைச் செயலாளர் செலஸ்டின். இன்று மாலை வேலையை விட்டும் நீக்கப்போகிறார். வேலை போனால் பங்களாவின் பின்புறமுள்ள குடியிருப்பும் போகும். ராசு குடும்பத்துக்கு வேறு கூரை இல்லை.

"போலீசு வந்தா பங்களா பேரு கெட்டுருமுன்னு சார் சொல்றாருங்க. நீங்க ஒருக்கா வந்து பாருங்க அங்கிள்," என்றாள்.

ஞானசீலன் வெலிங்டன் ராணுவக் கிடங்கில் சரக்கு இருப்பைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். அவர் செருப்பு மாட்டுவதற்குள் மைத்துனர் சில்வஸ்டர் குடையோடு வாசலுக்குப் போய்விட்டார். வழியிலேயே மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று முடிவு கட்டினார். அதில் ஒருவர், இறந்துபோன கிராண்ட்லி துரை.

பாதையெங்கும் கூட்டம். கீழே தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. வீடு வீடாகச் சேர்த்த காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் குரல் ஒலிபெருக்கியில் பங்களா வரை கேட்டது.

கெண்டியைத் துலக்குவதற்காகச் சுத்தமான வெள்ளைத் துண்டில் சுற்றி வராந்தா மேசையில் வைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் எடுக்கப் பின்கட்டுக்குப் போனதாகவும், திரும்பி வந்தபோது அது இல்லை என்றும் ராசு சொன்னார். சில்வஸ்டர் அவருடைய உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, எலுமிச்சை வாசம்தான் என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

ஞானசீலன் சாப்பாட்டு அறைக்குள் நின்றார். கயிற்றுக்கு அப்பால் பீங்கான் தட்டுகள், வெள்ளிக் கரண்டிகள், நடுவில் ஒரு பெரிய பூசணிக்காய். ஒரு குடும்பம் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"துரை பூசணியும் சாப்பிட்டிருப்பாரு போல அத்தான்," என்றார் சில்வஸ்டர்.

"காம்பு இன்னும் பச்சையா இருக்கே, மாப்ளே. கிடங்குல கொறஞ்சது மட்டும் கணக்கில்ல. கூடுதலா இருக்கறதையும் கேப்போம். இது எப்படி வந்துச்சு?"

வராந்தா மேசையில் கிடந்தது, ஈவ்லின் அம்மா காட்சிக்கு வாங்கியிருப்பார் என்று தானே உள்ளே வைத்ததாக ராசு சொன்னார்.

ஈவ்லின் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பூசணியைத் தொட்டுப் பார்த்தாள். "இது எங்கூட்டுக் காணிக்கைங்க. நேத்துலருந்து நான் இந்த ரூமுக்குள்ளயே வரலீங்க. வராந்தா மேசைல இருக்கு, எடுத்துக்குங்கன்னு சபைக்காரங்ககிட்ட நேத்து ஃபோன்ல சொன்னேன். வந்து எடுத்துட்டுப் போனாங்களே?"

"எடுத்துட்டுத்தான் போனாங்க. மேசைல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு வெறும் பூசணி, ஒண்ணு வெள்ளைத் துண்டுல மூட்டை. எது காணிக்கை மாதிரி தெரியும்? மாப்ளே, ஓடுங்க."

சில்வஸ்டர் தேவாலயத்துக்கு ஓடினார். இரைத்தபடி திரும்பி வந்தவர், கெண்டி முதல் பொருளாகவே ஏலம் போய்விட்டது என்றார். ஏலத்தில் எடுத்தது யார் என்று சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

அதற்குள் செலஸ்டினே துண்டு மூட்டையோடு படியேறி வந்துவிட்டார்.

"ராசு பண்ணின நஷ்டத்த நானே சரிக்கட்டிட்டேன்," என்று மூட்டையைப் பிரித்தார். "என் கைக்காசு போட்டு ஏலத்துல எடுத்தேன். அச்சு அசல் அதே மாதிரி. மூக்குல இருக்கற நெளிவு கூட அப்படியே."

"நெளிவும் அதேதானுங்க," என்றார் ஞானசீலன். "கெண்டியும் அதேதான்."

நடந்ததை அவர் பொறுமையாக விளக்கினார். செலஸ்டின் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலப்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று மெல்ல விசாரித்தார். ஆண்டவருக்குக் கொடுத்ததை யாரிடம் போய்க் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ராசுவிடம், போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

ராசு நகரவில்லை.

"நேத்து எல்லார் முன்னுக்கும் சொன்னீங்க தொரை. இதையும் அப்படியே சொல்லிருங்க."

புல்வெளியில் கோயம்புத்தூரிலிருந்து வந்த பயணிகள் ஒரு பேருந்து நிறைய நின்றிருந்தார்கள். செலஸ்டின் வராந்தாவுக்குப் போய்த் தொண்டையைச் செருமி, ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"தமிழ்ல தொரை," என்றார் ராசு.

செலஸ்டின் முதலிலிருந்து தொடங்கினார்.