இரண்டு ப்ரெசென்ட்

“காலேஜ்ல அவ பேரை எடுக்கச் சொல்லி நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்” என்று பஸ் நடத்துனர் போட்ட சத்தம் மூன்றாவது வீடு வரை கேட்டது.

“எடுத்துப் பாருங்க” என்றாள் அவர் மனைவி, தையல்காரி. அவள் குரல் ஏறவேயில்லை.

மகள் காய்ச்சலில் போய் இரண்டு மாதம். கல்லூரியில் முதலாண்டு, வாரத்தில் பாதி நாள் வகுப்பறை, பாதி நாள் வீட்டில் கணினி. நேரில் போனதே நான்கு நாள்தான், அங்கே யாருக்கும் அவள் முகம் பதியவில்லை. இறந்ததைச் சொல்லி இவர் எழுதிய கடிதத்தை மனைவி அனுப்பவேயில்லை. கேமராவை மூடிக்கொண்டு, மகளின் குரலிலேயே தினமும் வருகை சொல்லியிருக்கிறாள். ஊர்க்கதையெல்லாம் பஸ்ஸிலேயே கறந்துவிடுகிற மனிதருக்குச் சொந்த வீட்டு முன்னறையில் நடந்தது தெரியவில்லை. முந்தின நாள் வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்து, உங்கள் பெண் வகுப்பிலும் வருகை சொல்கிறாள், வீட்டிலிருந்தும் சொல்கிறாள், ஏதாவது ஒன்றுதான் செல்லும் என்று கண்டித்த பிறகுதான் தெரிந்தது.

வகுப்பில் சொல்வது யார்?

காலை ஒன்பது மணிக்குச் சண்டை பாதியில் நின்றது. தையல் மேசையில் மடிக்கணினி விழித்துக்கொண்டது. மிஷின் எண்ணெய், புதுத்துணியின் கஞ்சி, அவற்றுக்கு அடியில் எத்தனை கழுவியும் போகாத ஆஸ்பத்திரி வாடை. திரையில் பாதிப் பிள்ளைகள் கட்டம் கட்டமாக, மீதிப் பேர் தூரத்து பெஞ்சுகளில். ஆசிரியை எண்களை வாசிக்க வாசிக்க, டிக்கெட் கிழித்துப் பழகிய கட்டைவிரலால் நாற்காலி முதுகைச் சுரண்டிக்கொண்டு நின்றார் நடத்துனர்.

“முப்பத்தேழு.” மகளின் எண்.

“ப்ரெசென்ட் மேம்.”

மனைவியின் உதடு அசையவில்லை. மைக் மூடியிருந்தது.

குரல் வந்தது கடைசி பெஞ்சிலிருந்து. அது காலி.

அவள் மெல்ல மைக்கைத் திறந்தாள். “ப்ரெசென்ட் மேம்.”

ஒரே குரல். இரண்டு தடவை.

“யாராவது ஒருத்தர் மைக்கை ஆஃப் பண்ணுங்க. எதிரொலிக்குது.”

“வீட்ல இருக்கிறது எங்கம்மா, மேம்” என்றது காலி பெஞ்ச். “தனியா இருக்காங்க. உள்ள வரச் சொல்லுங்களேன்.”

தனியாக. அவர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

“வரட்டும்” என்றார் ஆசிரியை, தலை நிமிராமல். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் எழுந்தாள். முகம் கழுவித் தலை வாரிக்கொண்டாள். சமையல் ஆகிவிட்டது, போட்டுச் சாப்பிடுங்கள் என்றாள். தடுக்க அவருக்குக் கை நீளவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் அவள் திரும்பவேயில்லை. யாரோடோ போய்விட்டாள் என்று தெருவே சத்தியம் பண்ணியது. அடுத்த வருடமே அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு, நாலு மணி நேரத் தொலைவில் குடிபோனார். அங்கே போன மூன்றாம் நாள் மாலை அவருக்கு வந்த குறுஞ்செய்தியைப் புதுமனைவிதான் சத்தமாகப் படித்தாள்: ‘முப்பத்தேழு, வருகை. உடன் தாயார். தந்தை நேரில் வரவும்.’

புதுமனைவி இப்போது தன் தாய்வீட்டில் இருக்கிறாள். இவருடைய செருப்பு மட்டும், எத்தனை முறை உள்பக்கம் திருப்பி வைத்தாலும், விடிந்ததும் தெருவைப் பார்த்தே கிடக்கிறதாம்.