பதினோரு தடவை ஜீரோ

அன்றைக்கு அந்த ஜீரோ பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாள் என்பது ஜூலியாவுக்குச் சரியாக நினைவில்லை. கேட்டவர்களிடம் மூன்று என்றாள். யோசித்துவிட்டு நான்கு இருக்கலாம் என்றாள். பிரிண்ட் எடுத்த தாள் பதினொன்று என்றது. மழைச் சத்தமும் ஜெனரேட்டர் சத்தமும் அவளுக்கு நினைவிருந்தன. கரண்ட் இருக்கும்போதே முதலாளி தனசேகரன் எதற்கு ஜெனரேட்டரை ஓட்டினார் என்று அப்போது அவள் கேட்கவில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலையோரம் இருந்தது அந்த எடைமேடை. கரும்பு லாரியும் மரவள்ளி டிராக்டரும் ஏறி நிற்கும் நீளமான இரும்புத்தளம். தளத்துக்கு அடியில் ஆள் குனிந்து நகரும் அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் இறங்கத் தளத்தின் நடுவில் நான்கு போல்ட் போட்ட இரும்பு மூடி. ஆபீஸ் அறையில் எடை போடுவது ஜூலியாவின் வேலை. வருஷா வருஷம் கரும்பு வெட்டு தொடங்குமுன் அவள் அண்ணன் சிங்கராயர்தான் இறங்கிச் சேறு வாருவான். இறங்குமுன் தன் சிவப்புத் துண்டை ஆபீஸ் அறையில் எடை காட்டும் பெட்டியின் மேல் போட்டுவிட்டுப் போவான்.

"துண்டு கெடக்குற வரைக்கும் பொட்டியத் தொடாத தங்கச்சி. வண்டியும் ஏத்தாத. மேல நீ இன்னா பண்ணாலும் கீழ என் தலைலதான் வுழும்."

அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது பெட்டியின் மேல் துண்டு இல்லை. மூடி போல்ட் போட்டு இறுகியிருந்தது. அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டதாகத் தனசேகரன் சொன்னார். காலித்தளத்துக்குப் பெட்டி மைனஸ் இருபது கிலோ காட்டியது. காலையில் ஒட்டியிருந்த சேறு மழையில் கரைந்தால் அப்படித்தான் காட்டும். ஜீரோவை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மைனஸ். மறுபடி அழுத்தினாள்.

சிங்கராயர் வீடு வந்து சேரவில்லை. போன் அணைந்திருந்தது. ஆம்பளை, எங்கேயாவது வேலைக்குப் போயிருப்பான், வந்துவிடுவான் என்றார்கள் ஸ்டேஷனில். மறுநாளிலிருந்து விடாத மழை. பெட்டியை அணைக்காமலே எடைமேடையைப் பூட்டிவிட்டார்கள். அவள் பன்னிரண்டு நாள் சங்கராபுரம், கள்ளக்குறிச்சி என்று பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டாக அண்ணன் போட்டோவைக் காட்டிக்கொண்டு அலைந்தாள்.

பதிமூன்றாம் நாள் மத்தியானம் தனசேகரன் கூப்பிட்டனுப்பினார். நாளை மறுநாள் எடை சரிதானா என்று பார்த்து எடைமேடைக்கு முத்திரை வைக்க அதிகாரி வருகிறார்.

"பொட்டில கீறத எல்லாம் பென்டிரைவ்ல ஏத்திக்க. ஒரு பிரிண்ட் எடு. அப்பால மெமரிய சுத்தமா அழிச்சுடு" என்றார் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே. "இன்னா மூஞ்ச இப்பிடி வச்சிக்கினு கீற? உங்கண்ணன் எங்கியாவது ஒருத்தியோட செட்டில் ஆயிருப்பான்."

அறையில் பினாயில் வாடை தூக்கலாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை.

"எலி" என்றார் அவர், கேட்காமலே.

பென்டிரைவ் ஏறி முடிந்தது. பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. வண்டி எண், தேதி, நேரம், எடை. வண்டி இல்லாத வரிகளும் வந்தன. எடை மாறினால் தானாகவே குறித்துக்கொள்ளும்படி போன வருஷம் அண்ணன் பெட்டியில் மாற்றிவைத்தது அப்போதுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது. முதலாளியிடம் சொல்லாதே என்றிருந்தான்.

அந்த நாளின் வரிகள் வந்தன. மூன்று பத்துக்கு மைனஸ் இருபது, ஜீரோ. மூன்று பதினாலுக்கு மைனஸ் முப்பது, ஜீரோ. மைனஸ் முப்பத்தைந்து, ஜீரோ. கீழே போகப்போக எண் சிறுத்தது. மைனஸ் பதினைந்து. மைனஸ் பத்து. கடைசியாக மைனஸ் ஐந்து. ஜீரோ. பதினோரு தடவை.

சேறு கரைந்தால் ஒரு தடவைதான் குறையும். இது குறைந்து, நின்று, மறுபடி குறைந்திருந்தது. தளத்தை யாரோ கீழேயிருந்து முட்டினால் அப்படிக் குறையும்.

பிரிண்டர் நிற்கவில்லை. மறுநாள் மூன்று பத்து, மைனஸ் இருபது. அதற்கு மறுநாள் மூன்று பத்து, மைனஸ் இருபது. பூட்டிக் கிடந்த பன்னிரண்டு நாளும்.

தாள் தீர்ந்தது.

புதுக் கட்டு எடுக்க அலமாரியைத் திறந்தாள். தாள்கட்டுக்குப் பின்னால் சிவப்புத் துண்டு சுருட்டிக் கிடந்தது. ஒரு பாதி கறுத்து அப்பளம்போல் விறைத்திருந்தது.

"எங்கண்ணன் துண்டு."

"மறந்துட்டுப் பூட்டான்."

"ரத்தமா கீதுங்க மொதலாளி."

தனசேகரன் கடலைத் தோலை ஊதிவிட்டு எழுந்தார். "தளத்துக்கு அடில ஒரு டப்பா வச்சிருந்தேன், எடைய கம்மியா காட்டறதுக்கு. பாத்துட்டான். பாத்தவன் சும்மா பூட்டிருக்கலாம் இல்ல?"

வீல் ஸ்பேனர் அவள் நெற்றியில் இறங்கியது. விழுந்தவளின் தோளில் இன்னொன்று. எலும்பு உடையும் சத்தம் அவளுக்கே கேட்டது. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியவர் அப்படியே நின்றார். அவர் பார்வை பெட்டியின் மேல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

மைனஸ் இருபது.

வெளியே இரும்பு அதிர்ந்தது. டங்.

"இன்னும் சாவலியாடா நீ" என்றார், பாதி அழுகையாக.

ஸ்பேனரோடு கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். ஜூலியாவின் ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியிருந்தது. மற்றக் கண்ணால் ஜன்னலைப் பார்த்தாள். தளத்தில் மண்டியிட்டுப் போல்ட்டுகளைக் கழற்றினார். நான்கு. மூடியை நெம்பித் திறந்தார். கடப்பாரையை இரண்டு கையாலும் உயர்த்திக் குழிக்குள் குத்தினார். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாம் முறை கடப்பாரை மேலே வரவில்லை.

பெட்டியில் எண் மாறியது. தொண்ணூறு. அது அவருடைய எடை.

நூற்று நாற்பது.

அவர் கத்தினார். தளத்தில் நிற்கும் ஆளைக் கீழேயிருந்து இழுத்தால் எடை ஏறும். இருநூற்று அறுபது. அகலமான அந்த உடம்பு குறுகலான அந்த ஓட்டையில் மடங்கியது. முட்டி பின்பக்கம் திரும்பியது. நானூற்றுப் பத்து.

ஜீரோ.

மூடி தானாக விழுந்தது.

மழை. மழை மட்டும்.

பிறகு டங்.

"ஜூலியா... தொறம்மா... ஐயோ, புடிச்சிக்கினு கீறான்மா..."

அவள் எழுந்தாள். ஒரு கைதான் வேலை செய்தது. மழையில் நடந்துபோய் நான்கு போல்ட்டையும் தேடி எடுத்தாள். போட்டாள். ஸ்பேனரால் இறுக்கினாள். காலுக்கடியில் தளம் துள்ளியது. திரும்பி வந்து ஜெனரேட்டரை ஓட விட்டாள்.

புதுத் தாள் ஏற்றினாள். பெட்டிமுன் உட்கார்ந்தாள்.

மைனஸ் முப்பத்தைந்து. ஜீரோவை அழுத்தினாள்.

மைனஸ் நாற்பது. அழுத்தினாள்.

இந்தத் தடவை எண்ணினாள்.

மூன்றாம் நாள், முத்திரை வைக்க வந்த அதிகாரி சொல்லித் தீயணைப்புக்காரர்கள் மூடியைத் திறந்தார்கள். சிங்கராயர் இறந்து இரண்டு வாரம் ஆகிறது, குழியில் போட்ட அன்று சாயங்காலமே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். அவன் விரல்கள் தனசேகரனின் கழுத்தைப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தார்கள். ஜூலியா ஜெயிலில் இருக்கிறாள். அவள் தோள்பட்டை எலும்பு இன்னும் கூடவில்லை. தனசேகரனின் மனைவி விஜயலட்சுமி எடைமேடையை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டாள். வாங்கியவர் குழியை வாய்வரை கான்கிரீட் ஊற்றி அடைத்து, அதன்மேல் புதுத்தளம் போட்டார். புதுப் பெட்டி வைத்தார். அபிநயா என்ற பெண் இப்போது அங்கே எடை போடுகிறாள். மத்தியானம் மூன்று பத்துக்குக் காலித்தளம் மைனஸ் இருபது காட்டுகிறது. சற்றுப் பொறுத்து மைனஸ் ஐம்பத்தைந்து. சேறு கரைந்திருக்கும் என்று நினைத்து அவள் ஜீரோவை அழுத்துகிறாள்.