வேர் வெளுக்கவில்லை

வேர்கள் பச்சையாக இருந்தன.

பல் தேய்த்துக்கொண்டே அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தவள், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், தலையணை உயரத்தில், ஆணியில் தொங்கும் ஒரு மரத்துண்டு. அதில் நூலால் கட்டிவைத்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஆர்க்கிட். மண் கிடையாது, தொட்டி கிடையாது. மரத்தைப் பற்றியும் காற்றில் தொங்கியும் கிடக்கும் வேர்கள்தான் அதற்கு எல்லாம். காய்ந்தால் சாம்பல் பூசியதுபோல வெளுக்கும், நனைந்தால் பச்சையாகும். வெளுத்த பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லையென்றால் அழுகிவிடும். அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தெளிக்கிறாள். இன்று வெள்ளி. மழையைப் பார்த்தே மாதக்கணக்காகிறது. ஜன்னலும் சாத்தியே கிடக்கிறது.

இரவுக் காவல் முடிந்து வந்த அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"செடிக்குத் தண்ணி தெளிச்சியாப்பா?"

"ஏன், எனக்குப் பொழுது போகலையா? உங்கம்மா இருந்தப்பவே அந்த மண்ணில்லாத மகாராணிய நான் தொட்டா கத்துவா."

"அப்ப யாரு?"

"நான் அந்த ரூம் பக்கமே போறதில்ல பாப்பா."

முகம் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மகாராணி வந்தது குப்பைத்தொட்டியிலிருந்து. இலை கோணல் என்று, தான் வேலை பார்த்த பூச்செடி நர்சரியில் வீசியதை அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். அம்மாவின் நுரையீரலைத் தின்றதும் அதே நர்சரிதான். மருந்தடித்த ஈரம் காய்வதற்குள் நிழல்வலைக்குள் ஆட்களை அனுப்புவார்கள். மூக்கில் துணி கட்டிக்கிட்டாப் போதும் என்பான் மேனேஜர். சாவுக்கு வந்தபோது வெள்ளை ஆர்க்கிட்டில் மலர்வளையம் வைத்தான். "நல்ல உழைப்பாளி" என்றான். அந்த வளையத்தை அவன் கழுத்திலேயே மாட்டி அனுப்பாமல் விட்டது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு அம்மா செடியைப் பார்த்தே ஒருக்களித்துக் கிடந்தாள். "இதுக்குத் தண்ணிகூட வேணாம்டி, என் மூச்சே போதும். உன்ன வளர்த்ததுக்கு இது எவ்வளவோ மலிவு" என்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும். மூச்சு இரண்டு குட்டையாக வரும், பிறகு ஒன்று நெடிதாக இழுக்கும். நெடிய இழுப்புக்குள் மெல்லிய விசில் கேட்கும். மகள் தலையணைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கிவைப்பாள். "இன்னும் எவ்வளவு நேரம்டி?" என்று கேட்பாள் அம்மா. அவள் "விடியப்போகுதும்மா" என்பாள்.

அந்த மூச்சு நின்றபோது டாக்டர், "இனிமே அவங்களுக்குக் கஷ்டமில்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள். வேதியியல். இப்போது கல்லூரி ஆய்வகத்தில் வேலை. பேய்க்குப் பயப்படுவதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. செடியருகே குனிந்து பார்த்தாள். எல்லா வேரும் பச்சையில்லை. ஜன்னல் பக்கத்து வேர்கள் வெளுத்துத்தான் இருந்தன. கட்டிலைப் பார்த்தவை மட்டும் பச்சை.

மரத்துண்டைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, பச்சை வெளுத்திருந்தது. வெளுத்தது பச்சையாகியிருந்தது. கட்டிலைப் பார்த்த பக்கம்.

அன்று சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். அப்பா வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அறையில் தைலமும் பழைய போர்வையும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. ஸ்டூலைத் தலையணையோரம் இழுத்துப்போட்டு, செடியை அதன்மேல் நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஜாடியைக் கவிழ்த்தாள். எந்த ஈரமும் இனி உள்ளே போக முடியாது. மின்விசிறியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் உறுமிப் போய் மறைந்தது. சமையலறைக் குழாய் சொட்டியது, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஜன்னலில் வெளிச்சம் மெல்ல மங்கியது.

ஜாடிக்குள் ஈரமில்லை. வேர்கள் வெளுத்துக்கொண்டு வந்தன. அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில்.

அப்போது கண்ணாடி மங்கியது.

உள்பக்கம் அல்ல. வெளிப்பக்கம். தலையணையைப் பார்த்த பக்கம். வாயளவுக்கு ஒரு வட்டம்.

தெளிந்தது. மீண்டும் மங்கியது. குட்டையாக. தெளிந்தது.

குட்டையாக.

பிறகு நெடுநேரம். பெரிய வட்டமாக.

விசில்.

டாக்டர் சொன்னது பொய். நிற்கவில்லை. ஒருநாள்கூட நிற்கவில்லை. அவள் அடுத்த அறையில் தூங்கிய அத்தனை இரவும் இங்கே, தூக்கிவிட ஆளில்லாமல்.

ஓட வேண்டும் என்று கால்கள் சொன்னன. கை கேட்கவில்லை. அது பழகிய கை. தானாகத் தலையணைக்கு அடியில் போனது.

தூக்கினாள்.

கனத்தது. ஒரு தலையின் கனம். மணிக்கட்டில் முடி உரசியது, வியர்வையில் நனைந்த முடி.

கண்ணாடியில் வட்டம் ஒரு சாண் மேலேறி மங்கியது.

"விடியப்போகுதும்மா" என்றாள்.

வெளியே இப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. கையை எடுக்க முடியவில்லை. வட்டம் தெளிந்தது. மங்கியது. தெளிந்தது.