காற்றோட்டமுள்ள அறை

உலக மக்கள் அனைவரும் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கேட்கவேண்டிய அறிவிப்பு ஒன்று உண்டு. இந்தக் காலத்தின் மகத்தான இலக்கியம் கவிதையிலும் இல்லை, நாவலிலும் இல்லை. 'வீடு வாடகைக்கு' என்று இணையத்தில் வருகிற விளம்பரங்களில் இருக்கிறது. அந்த இலக்கியத்தின் முடிசூடா மன்னரைத் தரகர்கள் 'வர்ணனையார்' என்று அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கலாம்.

குனிந்து நுழையவேண்டிய வீட்டை அவர் 'கைக்கு அடக்கமான இல்லம்' என்பார். எதிரே லாரிகள் உறுமிக்கொண்டு நின்றால் 'போக்குவரத்து வசதி வாசலிலேயே'. கல்லறையை ஒட்டிய வீடொன்றை 'அண்டை அயலார் தொந்தரவு அறவே கிடையாது' என்று எழுதித் தள்ளிவிட்டவர். எழுதுகிற வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதில்லை என்பது அவருடைய தொழில் தர்மம். பார்த்துவிட்டால் கை ஓடாது என்பார்.

அன்று பிற்பகல், மறு விளம்பரத்துக்காக வந்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தக் கை நின்றது. பழைய அறைதான். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் தொங்கிய திரை, காற்று வாங்கிக்கொண்டு வயிறு போல உப்பி நின்றது.

அந்தச் சுவரில் ஜன்னல் இல்லை. அது அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நாலு பக்கமும் அடைத்த அறையின் படத்தில், மரங்களும் நீல வானமும் தெரிகிற ஜன்னல் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டி, 'காற்றோட்டமுள்ள அறை' என்று எழுதியவரே அவர்தான். வருகிறவர்கள் கேட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர் விழித்தபோது, "அந்த எடத்துல ஒரு திரைய மாட்டிவிடுங்கண்ணே. சாமான் எறக்குற அவசரத்துல எவன் வெலக்கிப் பாக்கப்போறான்" என்று வழி சொன்னவரும் அவரே.

விளம்பரத்தை நம்பி வெளியூரிலிருந்து ஒரு தையல்காரி வந்தாள். வந்த அன்றே, அவள் களைத்துத் தூங்கிய பிறகு, நடைவழியில் இருந்த மீட்டர் பெட்டி தீப்பிடித்தது. வாசல் பக்கம் நெருப்பு, உள்ளே புகை, விளக்கு இல்லை. அவள் ஜன்னலைத் தேடிப் போயிருக்கிறாள். திரையை விலக்கியிருக்கிறாள். செய்தியில் அவள் சாவை 'மின்கசிவு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தார்கள். இத்தனை சுருக்கமாக எழுதத் தனக்கு வராது என்று வர்ணனையார் அப்போது நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டார்.

"ரூம்ல ஃபேன் ஓடுதாண்ணே?"

"கரண்டே இன்னும் குடுக்கலயே. ஏன்?"

"படத்துல திரை உப்பி நிக்குதே."

"அத நான் எடுக்கலப்பா. அந்தப் பொண்ணோட அக்கா எடுத்தது. உங்களுக்குக் காட்டச் சொல்லி அனுப்பிச்சுது. நாளைக்கு விசாரணைக்கு ஆபீசருங்களக் கூட்டிட்டு வருதாம். திரையும் கம்பியும் இன்னைக்கே எடுத்தாகணும்."

"எடுத்துடுங்க."

"ஏணி ஏற எனக்கு முழங்கால் இருக்கா? யோசன உங்களோடது. நீங்க அனுப்பிச்ச மெசேஜெல்லாம் என் போன்ல பத்திரமா இருக்கு. ஒருத்தர் மாட்டினா ரெண்டு பேரும்தான்."

தர்மத்தை முறித்துக்கொண்டு வர்ணனையார் கிளம்பினார். பையில், திரைக் கம்பியின் திருகுகளைக் கழற்ற ஒரு திருப்புளி. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படியின் கைப்பிடி பிசுபிசுத்தது. துடைத்தால் விரலில் கரி. அறை வாசலில் ஒல்லியான பெண் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வர்ணனையார்னு சொல்றது உங்களத்தானே சார்? நான் அவளோட அக்கா."

திருப்புளி இருந்த பையை அவர் முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். "அது சும்மா கூப்பிடுறதும்மா."

"கழட்டத்தான வந்தீங்க? தாராளமாக் கழட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ தொறந்து காட்டிடுங்க."

"எதம்மா?"

"ஜன்னலத்தான். தையல் மெஷினயே பிரிச்சு மாட்டுவா என் தங்கச்சி. ஒரு ஜன்னலத் தொறக்கத் தெரியாமப் போயிருக்கா பாருங்க. எழுதினவருக்குத் தெரியும்ல?"

குரலில் கோபம் இல்லை. கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்தவளின் நிதானம். அவளைத் தாண்டி உள்ளே போனால் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் மெதுவாக, முழு நீளத்துக்கும் உரசி விழுந்தது.

"அம்மா? வெளையாடாதீங்க."

இருட்டு அறை முழுவதையும் நிரப்பியிருக்க, புதுச் சுண்ணாம்பின் பச்சை வாடைக்குக் கீழே எரிந்த ஒயரின் வாடை, அதற்கும் கீழே தீய்ந்த துணியின் வாடை என்று ஒவ்வொன்றாக மேலேறி வந்து அவர் மூக்கில் உட்கார்ந்தன. எதிர்ச் சுவரிலிருந்து ஒரு சத்தம். எலி பிறாண்டுவது போல. இல்லை, எலிக்கு இத்தனை பொறுமை கிடையாது. சுவருக்கு உள்ளேயிருந்து, விட்டு விட்டு, ஒரே இடத்தில்.

கதவிடுக்கில் புகை நுழைந்தது.

நடைவழியில் நெருப்பில்லை. வெளிச்சமில்லை, சூடில்லை. புகை மட்டும். அவர் இருமினார். கதவை உதைத்தார். மூச்சு பாதியில் நின்று திரும்பியது. அப்போது திரை உப்பியது. அதன் ஓரங்களில் வெளிச்சம் கோடாக விழுந்தது.

போனார். திரையை இழுத்தார்.

ஜன்னல் இருந்தது.

அவர் ஒட்டிய அதே ஜன்னல். அதே மரங்கள். வெளியே பொழுது சாய்ந்த பிறகும் அங்கே உச்சி வெயில். சட்டத்தைச் சுற்றி, சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு நகக் கீறல்கள். கொக்கியைப் பிடித்தார். திறந்தது. பாய்ந்து தலையை நுழைத்தார். தோளை நுழைத்தார். முழுதாக நுழைந்தார்.

காற்று இல்லை.

மரங்கள் அசையவில்லை. வானம் கைக்கெட்டும் தூரத்தில், காகிதம்போல் வழவழவென்று. அவர் திரும்பினார். ஜன்னல் மூடியிருந்தது. கொக்கி அந்தப் பக்கம். கொக்கியின் மேல் நகமில்லாத விரல்கள். விரல்களுக்குப் பின்னால், கரிந்த முகம் ஒன்று அவரைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்தது. நிறைய. ஆசை தீர. பிறகு முகம் இல்லை.

அவர் கண்ணாடியில் அறைந்தார். பிறாண்டினார். சத்தம் வரவில்லை.

அறைக் கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்தாள். தரையில் கிடந்த பையை ஓரமாக எடுத்து வைத்தாள். ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, அவர் வாய் திறந்து மூடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரையின் மடிப்புகளை நீவிச் சரிசெய்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்துவிட்டாள்.

திரைக்கு அப்பால் அவள் போனில் பேசுவது அவருக்குக் கேட்டது.

"அண்ணே, ஜன்னல் நல்லாத்தான் இருக்கு. சார் தொறந்து காட்டிட்டார். நீங்களும் ஒரு நட வந்து பாத்துட்டுப் போங்க."

வீட்டுக்காரர் வருவதாகச் சொன்னார்.