சுழிமனம்

செலஸ்தீனாவின் மணிக்கட்டில் பச்சை எரிந்தது. கட்டியவனைக் கடல் கொண்டுபோய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. தொண்டையில் சோறு இறங்கவில்லை, கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. கையிலிருந்த துயர்மானி மட்டும் சமர்த்தாகப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டாவ சாமி,” என்றாள், பவளத்துறைப் பங்குக் கோயில் வாசலில் நின்றபடி. “செவப்பு எரிஞ்சாத்தான் டாக்டர் பாப்பாவளாம். எனக்குக் கடக்கர பக்கம் தனியாப் போவப் பயமா இருக்கு. கடலப் பாத்துப் பயமில்ல சாமி, என்னப் பாத்துத்தான் பயம்.”

பங்குச்சாமி ஜெரோசின் படியிறங்கி அவள் அருகில் வந்தார். அவள் கையிலிருந்த பச்சையைக் குனிந்து பார்த்தார்.

துயர்மானி வந்த பிறகு அந்த மறைமாவட்டத்தில் யாரும் யாரையும் சுகமா என்று கேட்பதில்லை. கையைப் பார்த்தால் போதும். ஆனால் துயரத்தை அளக்க ஒரு தொடக்கப் புள்ளி வேண்டுமே! அலைபாயாத ஒரு மனத்தைச் சுழியமாக வைத்து, மற்ற மனங்கள் அதிலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கின்றன என்று பார்ப்பதாக ஏற்பாடு. கூடி உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் எல்லாரும் குருமார்கள். ஒரு பங்கிலேயே அமைதியான மனம் பங்குச்சாமியுடையது என்பதில் அவர்களுக்குக் கடுகளவும் சந்தேகம் வரவில்லை. அந்த மனத்துக்குச் ‘சுழிமனம்’ என்று பெயரும் வைத்தார்கள். சாமியின் அன்றன்றைய மனத்தைவிடத் தாழ்ந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சாமிமாரின் மனத்தை ஆயரின் மனத்தோடு ஒப்பிட்டார்கள். ஆயருக்கு மேலே கடவுள்தான். அவரை அளக்க ஏற்பாடு இல்லை.

ஜெரோசினுக்குக் கொஞ்ச காலமாகவே காலையில் கட்டிலை விட்டு எழுவது பெரும்பாடாக இருந்தது. பூசை உடுப்பை மாட்டவே அரைமணி நேரமாகும். பிரசங்க மேடை ஏறினால் நெஞ்சு படபடக்கும். கையில் பச்சை எரிந்ததால், நமக்கு நோயில்லை, விசுவாசம்தான் குறைந்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு நாளை ஓட்டினார். இதற்கிடையில் பவளத்துறையில் சிவப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சிறந்த மேய்ப்பர் என்று பொன்னாடை போர்த்திக் கைதட்டினார்கள்.

இப்போதுதான் அந்தக் கைதட்டலின் கணக்கு அவருக்குப் புரிந்தது. அவர் மனம் பள்ளத்தில் இறங்க இறங்க, ஊரே மேட்டில் நிற்பதாகக் கருவி கணக்குப் போட்டிருக்கிறது!

உடனே இன்னொன்றும் உறைத்தது. தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் பச்சை.

“செலஸ்தீனா, வண்டில ஏறும்மா,” என்றார். “உனக்குச் செவப்பு எரியாம நான் திரும்ப மாட்டேன்.”

ஆயர் தார்சியுஸ் அவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார். செலஸ்தீனா முழந்தாளிட்டு அவர் மோதிரத்தை முத்தமிட்டாள். ஜெரோசின் நின்றுகொண்டே இருந்தார்.

“ஆண்டவரே, நீங்க நிம்மதியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு?”

ஆயரின் சிரிப்பு அப்படியே நின்றது. “யார் சொன்னா உமக்கு?”

“என் கையில எரியுற பச்சை சொல்லுது. நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன் ஆண்டவரே. என்னையே நல்லா இருக்கேன்னு சொல்லணும்னா, நீங்க எனக்கும் கீழ கிடக்கணும்.”

ஆயர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க ஜெரோசினுக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. கருவி நிறுவிய அன்று பதிவான ஆயரின் மனம், தெளிந்த மனம், அதற்குள் பத்திரமாக இருக்கிறது. சுழிமனப் பொறுப்பை ஆயர் துறந்தால், எல்லாக் கைகளையும் அந்தப் பழைய பதிவோடு கருவி ஒப்பிடும். அதைத்தான் ஜெரோசின் கேட்டார்.

“துறந்தா மறைமாவட்டம் பூராவும் ஒரே நேரத்துல சிவப்பாயிடும்,” என்றார் ஆயர். “மேய்ப்பனே இப்படியான்னு சனங்க பயந்துடுவாங்க, ஜெரோசின்.”

“இப்பவும் பயந்துதான் கிடக்காங்க. ஒருத்தர் பயம் ஒருத்தருக்குத் தெரியல, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைய இப்படியே நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது ஆண்டவரே.”

ஆயர் செலஸ்தீனாவை நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துயர்மானியைக் கழற்றி, எல்லாத் துயர்மானிகளையும் நடத்தும் மேசைத் தாய்க்கருவியில் பொருத்தி, பொறுப்பைத் துறக்கும் விசையை அழுத்தினார்.

“எரிஞ்சிட்டு சாமி!” செலஸ்தீனா கையைத் தூக்கிக் காட்டினாள். இத்தனை நாள் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. ஜெரோசின் கையிலும் சிவப்பு. வாசலில் ஆயரின் ஓட்டுநர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு திகைத்து நின்றார்.

ஜெரோசின் மறைமாவட்ட மனநல நிலையத்தைத் தொடர்புகொண்டார். மருத்துவர் வியான்னியே எடுத்தார். செலஸ்தீனாவைப் பார்க்க உடனே வரச் சொன்னார் ஜெரோசின்.

“ஃபாதர், இங்க எங்க எல்லார் கையிலயும் சிவப்பு எரியுது,” குரல் உடைந்திருந்தது. “சிவப்பு எரியுறவங்க சிகிச்சை தரக்கூடாதுன்னு விதி இருக்கு. பச்சை எரியுற டாக்டர் ஒருத்தர்கூட இல்ல.”

“விதி போட்டவங்களுக்கும் இப்ப சிவப்புதான் எரியும் டாக்டர். கிளம்புங்க.”

“நான் எப்படி ஃபாதர்... அந்தம்மா முன்னால நானே அழுதுட்டேன்னா?”

ஜெரோசின் செலஸ்தீனாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அழுதுக்கிட்டே வாங்க,” என்றார்.