காமாட்சிக்குப் போன பட்டு

மும்பை தாராவியில் மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் முத்துமாரி உள்ளே வந்தபோது, லூசியம்மாள் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய அந்தத் தெருவில் எது தொலைந்தாலும் ஜனங்கள் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

"எக்கா, நாளைக்குச் சாயங்காலம் என்னையக் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுதாங்க கோயில் கமிட்டிக்காரங்க. மாட்டேன்னுட்டேன். பண்ணலைன்னா கடையைக் காலி பண்ணணுமாம்."

"பண்ணிட்டுப் போக வேண்டியதுதானட்டி?" என்று கேட்டாள் பிரேமலதா. பக்கத்து வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவள். துப்பு என்று காதில் விழுந்தால் கிரைண்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வருவாள்.

"எதுக்கு மதினி? எடுக்காத நான் எதுக்கு நெருப்புல கை வைக்கணும்? என் வார்த்தை போதாதா?"

லூசியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார். "உக்காரு. முதல்லேர்ந்து சொல்லு."

விஷயம் இதுதான். போன மழையில் தெருவுக்குள் தண்ணீர் ஏறியபோது பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காகத் தெருப் பெண்கள் எல்லோரும் காஞ்சிபுரம் காமாட்சிக்குப் பட்டுச்சேலை நேர்ந்துகொண்டார்கள். கிங்ஸ் சர்க்கிள் கடையில் அரக்கு நிறத்தில் எடுத்து, கோயில் வாசலில் எல்லோரும் பார்க்கப் பெட்டியில் மடித்து வைத்து, மஞ்சள் நூலால் கட்டினார்கள். அன்று இரவு பெட்டி முத்துமாரி வீட்டில் இருந்தது. காலையில் கமிட்டிச் செயலாளர் வேல்ராஜ் அதை வாங்கிக்கொண்டு காஞ்சிக்குப் புறப்பட்டார். திரும்பி வந்தவர், "குருக்கள் முன்னால திறந்தா இதுதான் இருக்கு" என்று ஒரு பழைய நைலான் சேலையைத் தூக்கிப் போட்டார்.

"நீயே கொண்டுபோயிருக்கலாமே?"

"கேட்டேனே. புருசனை விட்டுட்டு வந்தவ அம்மனுக்குச் சேலை கொண்டுபோனா விளங்குமான்னாரு வேல்ராஜ் அண்ணாச்சி. எல்லாரும் மண்டையை மண்டையை ஆட்டினாங்க." முத்துமாரியின் குரல் தாழவில்லை. "எனக்கு அந்த அம்மன்னா உசிரு. காஞ்சியில தெருவுக்குத் தெரு சிவன் கோயில் இருக்காம். ஆனா அம்மன்னு இருக்கது அவ ஒருத்திதானாம். நம்ம தெருக் கோமதியம்மா பார்த்துட்டு வந்து சொன்னாங்க."

"கடைக்காரன்தான் மாத்திட்டான்! எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் பிரேமலதா.

"பெட்டியைக் கட்டும்போது நீயும்தானே நின்ன?" என்று அவள் பக்கம் திரும்பினார் லூசியம்மாள்.

"ஆமால்லா," என்று பிரேமலதா அடங்கினாள்.

"அதுக்கப்புறம் ரெண்டே பேர் கைதான் பட்டிருக்கு. வேல்ராஜ் சொல்லுதது நெசம்னா இவ எடுத்திருக்கணும். அப்போ அவரு சொல்லுததை முழுசாக் கேட்டுருவோம்."

வேல்ராஜின் பெல்ட் பட்டறையில் தோல் நாற்றமும் இரைச்சலுமாக இருந்தது. அவர் அரை கிளாஸ் கட்டிங் சாய் வரவழைத்தார்.

"காமாட்சி கோயில்ல கூட்டம்னா கூட்டம், ஏட்டம்மா! கால் வைக்க இடமில்ல. எல்லா அம்பாளும் ஒண்ணுதானேன்னு நேரா ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிட்டேன். சாமியைக் கும்பிட்டுட்டு, நீளமா ஒரு மண்டபம், அதைத் தாண்டி அம்பாள் சன்னதி. அங்கதான் குருக்கள் பெட்டியைப் பிரிச்சாரு. மானமே போச்சு."

"அம்பாளுக்கு அன்னைக்கு என்ன கலர் சேலை?"

"பச்சை. சந்தனக் காப்பு வேற. கண்ணு ரெண்டும் பத்தல." ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"கொடுத்து வச்சவரு," என்று லூசியம்மாள் சாயைக் குடித்து முடித்தார்.

வெளியே வந்ததும் பிரேமலதா முணுமுணுத்தாள். "குங்குமம் வரைக்கும் இருக்கே. போனது நெசம்தான் போல."

"குங்குமம் இங்க மாட்டுங்காவுலயும் கிடைக்கும்ட்டி. மனுசன் கொஞ்சம் கம்மியாப் பேசியிருந்தா தப்பிச்சிருப்பாரு."

மறுநாள் சாயங்காலம் கோயில் வாசல் நிறைந்திருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்தது.

"மடியில கனமில்லைன்னா வழியில என்ன பயம்? அணைச்சுட்டுப் போயேன்," என்றார் வேல்ராஜ்.

"பயந்திருந்தா எப்பவோ அணைச்சிருப்பேன், அண்ணாச்சி."

லூசியம்மாள் நடுவில் வந்தார். "அண்ணாச்சி, நேத்து எங்கிட்டச் சொன்னதை இவங்களுக்கும் ஒருதரம் சொல்லுங்க."

வேல்ராஜுக்கு உற்சாகம். மண்டபம், பச்சைச் சேலை, சந்தனக் காப்பு என்று ஒன்றும் விடாமல் சொன்னார். கேட்கக் கேட்கக் கோமதியம்மாளின் நெற்றி சுருங்கியது.

"என்ன கோமதியம்மா, நீங்க பார்த்த கோயில்தானே?" என்று கேட்டார் லூசியம்மாள்.

"ஏகாம்பரநாதர் கோயில்ல ஏது அம்பாள் சன்னதி? நானும் நம்மூர்ப் பழக்கத்துல தேடு தேடுன்னு தேடினேன். குருக்கள் சிரிச்சாரு. இந்த ஊர்ல எந்தச் சிவன் கோயில்லயும் அம்பாளுக்குத் தனிச் சன்னதி கிடையாது, எல்லாத்துக்கும் சேர்த்துக் காமாட்சிதாம்மான்னாரு."

"நான் வேதக்காரிதான், சர்ச்சுக்குப் போறவ. ஆனா படிச்சது திருநெல்வேலி டவுன்ல," என்றார் லூசியம்மாள். "சாமி ஒரு பக்கம், நீள மண்டபத்தைத் தாண்டினா அம்பாள். அண்ணாச்சி, நீங்க சொன்னது நம்ம நெல்லையப்பர் கோயில். சாமி பக்கத்துல அம்பாள் இல்லாத கோயிலை நம்மூர்க்காரன் கனவுலகூட நினைக்க மாட்டான். அதான் இல்லாத சன்னதியைக் கட்டி, சந்தனமும் பூசிட்டீங்க. நீங்க காஞ்சிக்கே போகல. குருக்கள் முன்னால பெட்டியும் திறக்கல. அப்போ மாத்தினது யாரு?"

வேல்ராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து அவர் மனைவி மாலதி பேசினாள்.

"பட்டு குர்லாவுல இருக்கு, சம்பந்தி வீட்டுல. காஞ்சியில எடுத்தேன்னு நிச்சயத்தட்டுல வச்சாரு. கலரைப் பார்த்ததும் கேட்டேன். வாயை மூடுன்னாரு. மூடிட்டேன்."

தெருவே கொதித்தது. பொருளாளர் பூலோகம் கையைத் தூக்கி அமர்த்தினார். "சரி, சரி. முத்துமாரி, நீ பெரிய மனசு பண்ணணும். பட்டைத் திரும்ப வாங்கி, வேற நல்ல ஆம்பளையாப் பார்த்து அனுப்பிருவோம்."

"வேண்டாம். நான் கொண்டுபோறேன்."

"ஏம்மா, புருசனை விட்டுட்டுத் தனியா இருக்கவ…"

"காமாட்சி மட்டும்?" என்றாள் முத்துமாரி. "இப்பத்தானே கேட்டீங்க? அவரு கோயில் ஒரு பக்கம், அவ கோயில் ஒரு பக்கம். தனி வீடு, தனி வாசல். ஊரே அவளைத் தேடித்தான் போகுது. அவளுக்குச் சேலை கொடுக்க எனக்கு என்ன குறை?"

கோமதியம்மாள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "வழி எனக்குத் தெரியும். யாரெல்லாம் வாறீங்க?"

பிரேமலதா இரண்டு கையையும் தூக்கினாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. மாலதி புருசனைக் கடந்து வந்து முத்துமாரி பக்கத்தில் நின்றாள்.

"குர்லாவுல போய்ப் பட்டை நான் வாங்கிட்டு வாறேன். எனக்கும் ஒரு டிக்கெட் போடு."